இரண்டு கல்லாப்பெட்டிகள்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊர் நீங்கி வந்த நம்மில் பலரையும் முதலில் ஏற்றுக்கொண்டது ஒரு சோற்றுக்கடையே எனலாம். கடைக்காரர் வாழ்வைத் தீட்டிய இரு படைப்புகளை இங்கு ஒப்புநோக்குவோம்.

முதலாமவர், ஆர்.கே. நாராயண் 1967இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்’ நாவலின் ஜகன். மால்குடி என்னும் கற்பனைச் சிற்றூரில் மிட்டாய்க்கடை நடத்துபவர், காந்தியத்தைப் போற்றுபவர். கடையில் அமர்ந்து கீதை படிப்பார்; ஆனால் செவி அடுக்களையிலேயே இருக்கும். வரும் பணத்தில் ஒரு பகுதி கணக்கேட்டில் ஏறாமல் தனியே ஒதுங்கும். இம்முரணை நாராயண் பழிப்பதில்லை, புன்னகையோடு காட்டுகிறார். பின்னர் ஜகன் பண்டங்களின் விலையைக் குறைத்ததும் போட்டிக் கடைக்காரர்கள் வந்து முறையிடுகின்றனர். நல்லவனாக வணிகம் செய்வதும் எளிதன்று என்பதே அங்குள்ள நகைச்சுவை.

மற்றவர், ஜெயமோகனின் ‘அறம்’ தொகுதியில் (2011) உள்ள ‘சோற்றுக்கணக்கு’ கதையின் கெத்தேல் சாகிப். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சோற்றுக்கடை நடத்துகிறார். உண்டவர் இயன்றதை இடுவதற்கு ஒரு பெட்டி உண்டு. இடாதவரை அவர் கேட்பதில்லை. மாமி வீட்டில் வசையோடு சோறு உண்ட ஏழை மாணவனுக்கு மீனும் கோழியும் அள்ளி வைக்கிறார். அவன் விரிவுரையாளனாகிப் பெட்டி நிறையப் பணம் இட்டபோதும் அவர் முகம் மாறவில்லை, பழையபடியே பரிமாறுகிறார்.

ஜகனுக்கு உள்ள மனப்போராட்டம் சாகிபுக்கு இல்லை; ஆகவே பாத்திரப் படைப்பில் நாராயணின் கை ஓங்கியது எனத் தோன்றலாம். ஆயினும் ‘சோற்றுக்கணக்கு’ உண்டவன் கூறும் கதை. இலைமுன் அமர்ந்தவனுக்குப் பரிமாறும் கையன்றிப் பிறிதென்ன தெரியும்? அந்த வரம்பை மீறாததே ஆசிரியரின் திறம்.

சாகிப் அன்னசத்திரம் நடத்தவில்லை என்பதும் கருதத்தக்கது. கடையும் உண்டு, பெட்டியும் உண்டு. பெட்டியின்மேல் அவர் பார்வை மட்டும் இல்லை. ஜகனோ நூலைக் கையில் ஏந்தியும் பார்வையை விடமுடியாதவர். இலவசச் சோற்றைவிட, பிறர் கண்காணியாத சோறே வறியவனின் மானத்தைக் காக்கிறது. அதனாலன்றோ, வசைபாடிச் சோறிட்ட மாமியின் மகளையே மணக்க அம்மாணவன் இறுதியில் துணிகிறான்! அளவின்றிப் பெற்றவனே பிறர் குறையையும் அளவாமல் விடுகிறான்.

ஜகனிடம் நம்மைக் காண்கிறோம். சாகிபிடம் நமக்குச் சோறிட்டவரைக் காண்கிறோம். இரண்டையும் நம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோமாக.