'தாய்' என்பதும் 'பெற்றோர்' என்பதும்: திருநர் பெற்றோருரிமை வழக்குகளின் தமிழாக்கம்

1. முன்னுரை

சட்டம் குடும்பத்தை உறவுமுறைச் சொற்களைக் கொண்டே வரையறுக்கிறது. அச்சொற்களுள் அடங்காதவர் உரிமையிலும் அடங்காதவராகின்றார். தம்மைப் பெற்றோராக ஏற்குமாறு திருநர் தொடுத்த வழக்குகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. இவ்வழக்குகள் பற்றிய செய்திகளையும் தீர்ப்புரைகளையும் தமிழில் பெயர்க்கும்போது 'தாய்', 'பெற்றோர்', 'பாதுகாவலர்' என்பன ஒன்றற்கு ஒன்று மாற்றாக ஆளப்படுவதுண்டு. இவ்வாட்சி பொருந்துமா என்பதை மும்பை, கேரளம் ஆகிய இரண்டிடத்து வழக்குகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பாற்பெயரை வேண்டும் வழக்கு

மும்பையில் திருநர் நலப்பணி ஆற்றிவரும் கௌரி சாவந்த், தாயை இழந்த சிறுமி ஒருத்தியை 2008 முதல் மகளாக வளர்த்தார். திருநர்க்குத் தத்துரிமை கோரி 2014இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தேசியச் சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் அந்நீதிமன்றம், ஒருவர் தம் பாலினமாகத் தாமே உணர்ந்து உரைப்பதை அரசு ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் தத்தெடுப்புச் சட்டங்களின் சொற்கள் மாறவில்லை. இந்துக்களின் தத்தெடுப்புப் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் தத்தெடுப்போரை 'இந்து ஆண்', 'இந்துப் பெண்' என 7, 8ஆம் பிரிவுகளில் இருவகைப்படுத்தியது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, மணத்துணையற்ற ஒருவர் தத்தெடுக்கலாம் எனப் பொதுவாகக் கூறி, மணத்துணையற்ற ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுத்தல் ஆகாது என விலக்கியது. ஆவணத்தில் 'ஆண்' எனப் பதிவான திருநங்கை, தாம் மகளாக வளர்க்கும் சிறுமிக்குச் சட்டத்தின்முன் என்ன உறவினர் என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது.

2017இல் வெளிவந்த விக்ஸ் விளம்பரப் படம் இவ்வினாவை மகளின் கூற்றாக அமைத்தது. தன் தாயைப் பற்றி மகள் பேசிக்கொண்டே செல்ல, அத்தாய் கௌரி என்பது சற்றுப் பின்னரே காண்போர்க்குப் புலனாகிறது. படத்தின் பயன் 'தாய்' என்னும் ஒரு சொல்லையே சார்ந்து நிற்கிறது எனலாம்.

தமிழாக்கத்தில் இச்சொல்லின் சுமை மேலும் மிகுகிறது. இந்தியிலும் மராத்தியிலும் தன்மை ஒருமை வினைமுற்றுகள் பல பேசுவோரின் பாலைக் காட்டுவன. தமிழில் 'வளர்க்கிறேன்' என்பது எப்பாலார்க்கும் ஒக்கும். மராத்தியில் ஒருவர் வினைதோறும் தம்மைப் பெண் என உணர்த்த, தமிழில் அவ்வுணர்த்துதல் முற்றும் மறைகிறது. படர்க்கையில் வரும் 'அவர்' என்னும் உயர்வொருமையும் பாலைக் காட்டாது. எஞ்சி நிற்பது 'தாய்' என்னும் பெயர் ஒன்றே. அதனையும் 'வளர்ப்புப் பெற்றோர்' எனப் பொதுமைப்படுத்தினால் கோரிக்கையே இல்லாமற்போகும். 'தாய்' என்பது ஈன்றவளுக்கே உரியது என்னும் தடையும் நில்லாது. அகத்திணை மரபு ஈன்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் பிரித்துரைப்பினும், இருவரையும் தாய் என்றே சுட்டுகிறது.

3. பாற்பெயரை விலக்கும் வழக்கு

கேரள வழக்கு இதற்கு மறுதலையானது. திருநம்பியான ஸஹத், திருநங்கையான ஸியா பவல் ஆகிய இணையர்க்கு 2023 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் குழந்தை பிறந்தது. கருவுற்று ஈன்றவர் ஸஹத். பிறப்புச் சான்றிதழில் அவர் 'தாய்' எனவும், ஸியா 'தந்தை' எனவும் பதிவாயினர். பாற்குறிப்பின்றிப் 'பெற்றோர்' எனப் பதிவுசெய்ய வேண்டி இருவரும் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2025 ஜூனில் அந்நீதிமன்றம், தாய், தந்தை என்னும் இடங்களை நீக்கிப் 'பெற்றோர்' என்று மட்டும் குறித்துப் புதிய சான்றிதழ் வழங்க ஆணையிட்டது.

இத்தீர்ப்பைத் தமிழில் தருவோர் எதிர்கொள்ளும் இடர் ஒருமையைப் பற்றியது. 'பெற்றோர்' வடிவால் பலர்பால். அதன் ஒருமையாகப் 'பெற்றவர்' என்று எழுதின், 'பெறு' என்னும் வினையின் ஈனுதற்பொருள் மேலெழுந்து, சான்றிதழினின்று நீக்கப்பட்ட செய்தியே மீண்டும் நுழைகிறது. 'பெற்றோர்' என்பதோ வினைப்பொருள் மங்கி உறவுப்பெயராக நிலைத்துவிட்டது. பள்ளிப் படிவத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் ஒருவரே ஒப்பமிடுவதால், அச்சொல் ஒருமைக்கும் வழங்குதல் தெளிவு.

வாஷி, செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய பகுதிகளில் மராத்திக்கும் தமிழுக்கும் இடையே பணியாற்றும் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்னோர் இடரும் உண்டு. மராத்திப் பள்ளி வழக்கில் வரும் 'பாலக்' என்பது காத்து வளர்ப்பவரைக் குறிக்கும் பாற்பொதுச் சொல். தமிழிலோ 'பாலகர்' சிறுவரைக் குறிக்கும். எனவே ஒலிபெயர்ப்பு உதவாது. 'பாதுகாவலர்' என்பது பொருளால் அணுக்கமானதாகத் தோன்றினும், 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின்வழி வேறொரு தகுதியைச் சுட்டுவது. பாதுகாவலர்க்கும் குழந்தைக்கும் இடையே பெற்றோர்-பிள்ளை உறவை அச்சட்டம் உண்டாக்குவதில்லை. பெற்றோருரிமை கோரியவரைப் 'பாதுகாவலர்' எனப் பெயர்த்தல், அவர் கேட்டதைக் குறைத்துரைப்பதாகும்.

4. முடிவுரை

சட்டத் தமிழாக்கத்தில் கலைச்சொல் ஒருமை வேண்டும் என்பது முறையான கருத்தே. ஆனால் அவ்வொருமை மூலச்சொல்லுக்கும் பெயர்ப்புச் சொல்லுக்கும் இடையே அமைய வேண்டுவது. வெவ்வேறு மூலச்சொற்களை ஒரே சொல்லுள் அடக்குவதற்கு அது சான்றாகாது. மும்பை வழக்கில் கோரப்பட்டது பாற்பெயர். கேரள வழக்கில் கோரப்பட்டது அதன் நீக்கம். இரண்டையும் 'பெற்றோர்' என எழுதுவோர் முன்னவர்க்கும், 'தாய், தந்தை' என எழுதுவோர் பின்னவர்க்கும் தவறிழைக்கின்றனர். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்னும் சொல்லின் பொருள் மாறாது உறைந்து கிடப்பதன்று எனக் கொண்டு, திருநங்கையையும் அச்சொல்லுள் அடக்கியது. சொற்பொருள் விரிவை நீதிமன்றமே ஏற்றுள்ள நிலையில், மொழிபெயர்ப்பாளர் அதனைச் சுருக்குதல் பொருந்தாது. வழக்காடுவோர் எச்சொல்லைத் தமக்கு உரியதெனக் கேட்டனரோ, அச்சொல்லே தமிழிலும் நிற்றல் வேண்டும்.