திறப்பும் சாவியும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் திறப்பு என்பதைச் சென்னையில் சாவி என்கிறார்கள். விடுமுறைக்கு ஒருவர் வீட்டில் மற்றவர் போய்த் தங்கும்போது இவை இரண்டும் கைமாறுகின்றன. இருவரும் ஒரே நாளில் மாற வேண்டும் என்றில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்கு அவர்கள் இங்கே வரலாம்; மார்கழிக் கச்சேரிகளுக்கு நாங்கள் அங்கே போகலாம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே விமானம் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் கப்பல் சேவை தொடங்கியது. பேச்சும் சோறும் ஒன்றாக இருப்பதால் வீடும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் சென்னை வீடு சொந்தக்காரரின் கைபேசியோடு பிணைந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடு கிணற்றோடும் அயலோடும். அந்தப் பிணைப்பை அறிந்து செய்வதே சரியான ஆயத்தம்.

குசினியில் தொடங்கலாம். வீட்டுச் சமையலுக்கான காஸ் சிலிண்டர் இந்தியாவில் 14.2 கிலோ, இலங்கையில் 12.5 கிலோ. எடை போகட்டும், தீர்ந்துபோனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இங்கே வெறும் சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்தால் நிரம்பியது கிடைக்கும்; விருந்தாளியே போகலாம். சென்னையில் பதிவான கைபேசி எண்ணிலிருந்து பதிய வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீட்டு எண்ணும் அந்தக் கைபேசிக்கே வரும். சொந்தக்காரர் நல்லூர் வீதியில் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார். அவர் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும். ஆகவே இரண்டாவது சிலிண்டரை நிரப்பி வைப்பது சென்னைக்காரரின் முதல் வேலை. யாழ்ப்பாணத்தவர் கடையைக் காட்டிவிட்டால் போதும். ஆனாலும் 2022இன் காஸ் வரிசைகளில் நின்றவர்கள் மேலதிகமாக ஒன்றை வைத்துவிட்டே போவார்கள்.

பாலும் அப்படித்தான். விடியுமுன் வாசலுக்கு வரும் பாக்கெட் பாலில் காப்பி குடித்துப் பழகியவருக்குப் பால்மா டின்னை மட்டும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பசும்பால் தரும் வீட்டில் முதல் நாளே சொல்லி வையுங்கள். மின்சாரத்தில் இரு நாட்டுக்கும் 230 வோல்ட்தான். ஆனால் இலங்கையில் சதுரக் கால் 13 அம்பியர் குதையே இப்போதைய நியமம், இந்தியாவில் வட்டக் கால். மேசையில் ஓர் அடாப்டர் இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி நிதானமாகவே எழுதிவைக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழையே எங்கள் கிணற்று நீர். கேத்தலில் வெள்ளையாகப் படிவது என்ன, எந்தத் தண்ணீர் குடிக்க, எது குளிக்க, மோட்டரை எவ்வளவு நேரம் ஓடவிடலாம் என்பவை எங்களுக்குத் தெரியும், வருகிறவருக்குத் தெரியாது. மாடிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்குக் கிணற்றுக்கட்டு ஏறி விளையாடும் திண்ணையாகத் தெரியும். கிணற்றுக்குக் கம்பி வலை போடாமல் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குத் திறப்பைக் கொடுக்காதீர்கள். சென்னைக்காரர் எழுத வேண்டியது வேறு: குழாயில் தண்ணீர் வரும் நேரம், சம்ப் நிரம்பியதை அறியும் விதம், கேன் தண்ணீர் போடுபவரின் எண். வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளிக்கும் எங்களுக்கு, 2019இல் ஏரிகள் வறண்ட ஊரின் தண்ணீர்க் கணக்கைத் தயங்காமல் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை இரு ஊருக்கும் பொது. அவர்கள் கொசு என்பதும் நாங்கள் நுளம்பு என்பதும் ஒரே டெங்குவைத்தான் பரப்புகிறது. இலங்கையில் நுளம்பு பெருக இடம்விடும் வளவுக்காரர்மீது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குத் தொடரலாம். சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சென்னையில் காகித வேலையும் உண்டு. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழி தகவல் தர வேண்டும். இதை விருந்தாளிமேல் போடக் கூடாது. அடுக்குமாடிச் சங்கத்துக்கும் வாட்ச்மேனுக்கும் பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், நள்ளிரவில் பெட்டியோடு வந்திறங்கும் குடும்பம் கேட் வாசலில் நிற்காது.

யாழ்ப்பாணத்தில் விருந்தாளியைக் கவனித்துக்கொள்ளும் வேலையை அயல் செய்கிறது. “என்ன வேணுமெண்டாலும் ஒரு குரல் குடுங்கோ” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது வெறும் உபசாரம் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் எதையும் எழுதிவைக்காமல் போய்விடுகிறோம். ஆனால் இன்று எங்கள் ஒழுங்கைகளில் எத்தனையோ படலைகள் பூட்டிக் கிடக்கின்றன. குரல் கேட்க வேண்டியவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆகவே நாங்களும் சென்னைக்காரரைப் போல ஒரு கொப்பியில் எழுதப் பழக வேண்டும். அவர்களும் எண்களோடு நிறுத்தாமல், எதிர் ஃபிளாட்டின் கதவைத் தட்டி, வரப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.