மூடில்: கொள்கையும் கட்டமைப்பும்

மூடில் என்பது இணையவழிப் பாடங்களை நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. அவர் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற வணிக மென்பொருளைப் பராமரித்தவர். அங்கேயே கல்வியியல் ஆய்விலும் ஈடுபட்டவர். சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் சிற்றலை வானொலி வழியாகப் பாடம் கேட்டவர் என்பதால், தொலைவிலிருந்து கற்பதன் இடர்கள் அவருக்கு ஏட்டறிவு அல்ல.

மூடில் ஒரு கல்விக் கொள்கையுடனேயே வந்தது. பிறர் காணத்தக்க ஒன்றை ஆக்கும்போது மனிதர் நன்றாகக் கற்கின்றனர். வகுப்பில் உள்ள எவரும் கற்பவராகவும் கற்பிப்பவராகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். சில கருவிகளில் இக்கொள்கை அழகாக இறங்கியிருக்கிறது. 'கேள்வி-பதில்' வகைக் கலந்துரையாடலில் மாணவர் தம் பதிலை எழுதிய பின்பே மற்றவர் பதில்களைப் பார்க்க முடியும். அதுவும் உடனே அல்ல. திருத்துவதற்கான அவகாசம், வழக்கமான அமைப்பில் 30 நிமிடம், கழிய வேண்டும். முதலில் எழுதியவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்க ஆசிரியர் வகுப்பில் படும் பாட்டை இங்கே ஒரு நிபந்தனை வரி பார்த்துக்கொள்கிறது.

ஆனால் அதே மென்பொருளில் மாணவர் என்ற பாத்திரத்துக்கு, பாடப்பக்கத்தில் புதிய செயல்பாடு ஒன்றைச் சேர்க்கும் உரிமை இயல்பாகக் கிடையாது. எல்லாரும் கற்பிக்கலாம் என்ற கொள்கை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. உரிமைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று வாதிடலாம். மாற்றும் அதிகாரமோ நிர்வாகியிடமும் ஆசிரியரிடமும்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை உழைப்பின் கணக்கில் உள்ளது. மாணவர்கள் ஒருவர் படைப்பை ஒருவர் மதிப்பிடும் 'பயிலரங்கு' என்ற கருவியை நடத்த, ஆசிரியர் ஐந்து கட்டங்களைக் கடக்க வேண்டும். மதிப்பீட்டுப் படிவத்தையும் அமைக்க வேண்டும். கோப்பு ஒன்றை இழுத்துப் பக்கத்தில் போட நொடிகள் போதும். 2012இல் வந்த 2.3 பதிப்பு தந்த இந்த வசதியை ஆசிரியர்கள் வரவேற்றதில் வியப்பில்லை. வேலைப்பளு மிகுந்தவர் எளிய வழியைத்தான் எடுப்பார். அப்போது பாடப்பக்கம் கோப்புகளின் அடுக்காகிறது. மாணவர் பதிவிறக்கம் செய்பவர் ஆகிறார். பழியை ஆசிரியர்மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. எந்தப் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் நிரலாளர்கள். கலந்துரையாடலையே பாடப்பக்கத்தின் நடுவில் வைக்கும் 'சமூக' வடிவமும் மூடிலில் தொடக்கக் காலத்திலேயே இருந்தது. அதைப் பெற, அமைப்புகளுக்குள் சென்று தேர்ந்தெடுக்க வேண்டும்.