உலை மூட்டாமல் வார்த்த கண்ணாடி

எனக்குச் சோறு போடுவது கண்ணாடி இழை. பூமிக்கடியில் போகும் ஆப்டிகல் ஃபைபர் கேபிள் எங்கேயாவது அறுந்தால் குழியில் இறங்கி, இழையின் மேலுறையை உரித்து, துடைத்து, வெட்டி, முனையோடு முனை வைத்து உருக்கி ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் வேலை. தலைமுடி கனத்தில் இருக்கும் அந்த இழைமேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் இந்தத் தொழிலில் மனிதனைவிட மூத்த கை ஒன்று இருக்கிறது. அதற்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது, இதயமும் கிடையாது. கடலடிச் சேற்றில் நின்ற இடத்தில் நின்றபடி தண்ணீரை வடிகட்டிப் பிழைக்கிற கடற்பஞ்சு அது. பார்ப்பவர்களிடமெல்லாம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கப்பலில் வேலை பார்க்கும் என் மைத்துனன் பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்தில் இறங்கியபோது, உலர்த்தி விற்கும் கடற்பஞ்சு ஒன்றை வாங்கி வந்தான். "கடைக்காரர் இதைக் கண்ணாடின்னு சொன்னாரு மச்சான், அதான் உங்களுக்குன்னு எடுத்துட்டேன்" என்று நீட்டினான். யூப்ளெக்டெல்லா ஆஸ்பெர்ஜில்லம் என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு சாண் உயரம். லேசாக வளைந்து, மேலே போகப்போக அகலும் குழாய். உடம்பு முழுக்க வெள்ளைச் சல்லடை, வாயையும் சல்லடை மூடி அடைத்திருக்கிறது. அடியில் நரைத்த குடுமிபோல ஒரு கற்றை. கையில் வாங்கினால் கனமே தெரியவில்லை. இத்தனையும் சிலிக்கா! ஜன்னல் கண்ணாடிக்கும் நான் ஒட்டுகிற இழைக்கும் மூலப்பொருள் எதுவோ, அதேதான்.

உயிரோடு இருக்கும்போது இந்தக் குழாய்க்குள் பெரும்பாலும் ஓர் இறால் ஜோடி குடியிருக்கும். குஞ்சாக உள்ளே நுழைந்து, வளர்ந்தபின் சல்லடைக் கண் வழியாக வெளியேற முடியாமல், ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிடும். அதனால் ஜப்பானில் இதைக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அழகான சங்கதிதான். என் மனமோ அந்தக் குடுமியிலேயே சிக்கிக்கொண்டது.

அந்தக் கற்றைதான் கடற்பஞ்சைச் சேற்றில் நிறுத்தும் நங்கூரம். ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கண்ணாடி இழை. விரலால் நீவினால், கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் தோலைப் பிடிக்கின்றன. உதிர்ந்து கிடந்த ஓர் இழையை எடுத்து ஸ்ப்ளைசிங் மெஷினின் பள்ளத்தில் படுக்க வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் இழை 125 மைக்ரான். இது அதில் பாதிகூட இல்லை. ஆனால் விளிம்பு அவ்வளவு சீராக ஓடுகிறது! அடுத்து, கேபிளில் பழுது தேட நாங்கள் வைத்திருக்கும் சிவப்பு லைட் பேனாவை அதன் ஒரு முனையில் காட்டினேன். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், மறுமுனையில் குண்டூசி முனையளவு சிவப்பு நட்சத்திரம். வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

இதைப் பெல் ஆய்வகத்தில் ஜோனா ஐசன்பெர்க்கும் கூட்டாளிகளும் 2003-லேயே முறையாக அளந்து எழுதிவிட்டார்கள். இழையின் நடுவில் மெல்லிய புரத நூல். அதைச் சுற்றி சுமார் 2 மைக்ரான் அளவுக்குச் சுத்தமான சிலிக்கா. அதற்கு வெளியே ஒரு உருளை, அதற்கும் வெளியே அடுக்கடுக்கான ஓடு. நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் கூடுதல், சுற்றியுள்ளதற்குக் குறைவு. எங்கள் தொழிலில் கோர், கிளாடிங் என்று எதைச் சொல்கிறோமோ அச்சு அசல் அதே ஏற்பாடு. பிசினுக்குள் பதித்தால் ஒளி நடுக்கோருக்குள் அடங்கிப் போகிறது. வெறுங்காற்றில் வைத்தால் இழை முழுவதையும் நிரப்பிக்கொண்டு போகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒளிவிலகலைக் கூட்ட இந்தக் கண்ணாடியில் துளி சோடியம் கலந்திருக்கிறது. அதிக வெப்பத்தில் இழை இழுக்கும்போது சோடியத்தைச் சேர்த்தால் கண்ணாடி படிகமாகிக் கெட்டுவிடும் என்பதால் தொழிற்சாலைகளுக்கு இது பெரிய சள்ளை. கடற்பஞ்சுக்கோ அந்த வெப்பமே தேவைப்படவில்லை.

உடைவதிலும் இது வேறு ஜாதி. எங்கள் இழை உறையை உரித்துவிட்டால் பச்சைப்பிள்ளை. கிளீவர் என்ற வெட்டும் கருவியில் வைத்து ஒரு கீறல் போட்டு வளைத்தால் 'டிக்' என்று கண்ணாடிபோலவே பளபளவென்று நேராக முறியும். அப்படி முறிய வேண்டும் என்பதுதான் எங்களுக்கும் தேவை. கடற்பஞ்சு இழையை அதே கிளீவரில் வைத்தேன். நேராக முறியவே இல்லை. சிலும்பு சிலும்பாக, படிப்படியாகப் பிரிந்து நின்றது. காரணம் அந்த அடுக்குகள். ஒவ்வொரு சிலிக்கா அடுக்குக்கும் இடையில் மிக மிக மெல்லிய கரிமப் பசை. வெளியிலிருந்து வரும் விரிசல் ஓர் அடுக்கைத் தாண்டியதும் பசையில் சிக்கித் திசை மாறி அங்கேயே செத்துவிடுகிறது. எங்கள் இழைக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சுப் பூசித்தான் காப்பாற்றுகிறோம். இது காப்பைக் கண்ணாடிக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத விஷயம், இது எப்படிச் செய்யப்படுகிறது என்பதுதான். நாம் இழை இழுக்கிற உலையின் சூடு 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தக் கோபுரம், அந்த வாயுக்கள், அந்த மின்சாரம்! கடற்பஞ்சு இருப்பதோ இருட்டான குளிர்ந்த கடலடியில். அதற்குக் கிடைக்கும் சரக்கு, லிட்டருக்குச் சில மில்லிகிராம் கணக்கில் கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலம். அவ்வளவுதான். அதை உறிஞ்சிச் சேர்த்து, புரதத்தின் மேல் கண்ணாடியாகப் படியவைக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு புரதத்தை முதலில் பிடித்தது கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் டேனியல் மோர்ஸின் குழு. ஆண்டு 1998. அவர்கள் எடுத்துக்கொண்டது டெத்தியா என்ற இன்னொரு கடற்பஞ்சு. காயவைத்தால் அதன் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி ஊசிகள்தான். ஊசிகளைக் கரைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புரத நூல். அதற்குச் சிலிக்காடீன் என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ந்தால், அது நம் உடம்பில் புரதத்தைச் செரிக்கிற ஒரு நொதிக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம்! செரிக்கிற நொதியைச் சற்றே மாற்றிக் கண்ணாடி வார்க்கப் பழக்கிக்கொண்டிருக்கிறது இயற்கை. பின்னால் அதே நொதியை வைத்து, சாதாரண அறை வெப்பத்தில் டைட்டானியம் டை ஆக்சைடையும் படியவைத்துக் காட்டினார்கள். என் யூப்ளெக்டெல்லாவின் வகையிலிருந்து கிளாஸின் என்ற வேறொரு புரதம் 2015-ல் கிடைத்தது. அதுவும் அறை வெப்பத்திலேயே சிலிக்காவைத் திரட்டக்கூடியது.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வெர்னர் முல்லர் குழு இந்த உயிர்ச்சிலிக்காவை எலும்பு செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. செல்கள் பெருகுவதும் தாது படிவதும் ஆய்வகத்தில் கூடியது. உடைந்த எலும்புக்கு வைக்கும் ஒட்டுப்பொருளாக இது ஆகலாம் என்ற நம்பிக்கையில் வேலை நடக்கிறது. உடம்புச் சூட்டிலேயே உருவாகும் கண்ணாடி என்றால் உடம்புக்குள் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது எது?

சல்லடையையும் சொல்லாமல் விட மனமில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கட்டம், அதன்மேல் இரட்டை இரட்டையாக மூலைவிட்டங்கள், ஒரு கட்டம் திறந்தும் அடுத்தது அடைத்தும் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி. ஹார்வர்டில் மதேயஸ் ஃபெர்னாண்டஸும் ஐசன்பெர்க்கும் மற்றவர்களும் இதே வடிவத்தில் மாதிரி செய்து அழுத்திப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். பாலங்களில் வழக்கமாகப் போடும் மூலைவிட்டச் சட்டகத்தைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வலு, ஒரு கிராம் பொருள்கூட அதிகம் சேர்க்காமல்.

கண்ணாடி இல்லாத கடற்பஞ்சுகளும் சளைத்தவை அல்ல. குளிக்கப் பயன்படும் மத்தியதரைக் கடல் பஞ்சின் உடம்பு ஸ்பாஞ்சின் என்ற புரத நார். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஹெர்மான் எர்லிக் குழு அதை 1,200 டிகிரியில் கரியாக்கியது. ஒரு துளைகூட உருக்குலையவில்லை. அதன்மேல் செம்பு ஏற்றி, நச்சு வேதிப்பொருளை மாற்றும் வினையூக்கியாக்கி 2019-ல் காட்டினார்கள். இதே எர்லிக்தான் சில கடற்பஞ்சுகளின் எலும்புக்கூடு நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின் என்று முன்பே கண்டுபிடித்தவர். வலைபோல் பின்னிய கைட்டின் சட்டகம் திசு வளர்க்கத் தயாராகவே கிடைக்கிறது.

மோனோராஃபிஸ் என்ற ஆழ்கடல் பஞ்சை மட்டும் நான் இன்னும் பார்த்ததில்லை. அது ஒரே ஒரு கண்ணாடிக் கம்பியை ஊன்றிக்கொண்டு, அதைச் சுற்றி வாழ்கிறது. அந்தக் கம்பி 3 மீட்டர் வரை நீளும். நூற்றுக்கணக்கான அடுக்குகள். கிழக்குச் சீனக் கடலில் கிடைத்த ஒரு கம்பிக்கு வயது சுமார் 11,000 ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். அதன் அடுக்குகளின் வேதியியலிலிருந்து அந்தக் காலம் முழுக்கக் கடலடி வெப்பம் மாறிய கதையையும் படித்திருக்கிறார்கள். அதன் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் ஒருதரம் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். எந்த அருங்காட்சியகத்தில் பார்க்கக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால், அடுத்த விடுமுறைக்கே டிக்கெட் போட்டுவிடுவேன்.