டேர் திட்டம்: சீருடையில் வந்த அறிவுரை

அமெரிக்காவின் 'டேர்' திட்டம், வளரும் பிள்ளைகளிடம் போதைப்பொருள் பற்றிப் பேசும் பொறுப்பைச் சீருடைக் காவலரிடம் ஒப்படைத்தது. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் நகரின் பள்ளி நிர்வாகத்துடன் சேர்ந்து இதைத் தொடங்கினார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடமாக 17 பாடங்கள். முடிவில் உறுதிமொழி, சான்றிதழ், டி-சர்ட். அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகனின் 'வேண்டாம் என்று சொல்' முழக்கம் நாடெங்கும் ஒலித்த காலம் அது. 1990களில் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் ஏறக்குறைய முக்கால்வாசியை இத்திட்டம் எட்டியது.

வீடுகளில் பேசத் தயங்கிய பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததும், காவலரைக் கண்டு மிரளும் பிள்ளைகள் அவரோடு சிரித்துப் பேச வழிசெய்ததும் இதன் நிறைகள். பெற்றோருக்கும் பள்ளிக்கும் மனநிறைவு. ஆனால் அந்த மனநிறைவே வெற்றியின் சான்றாகக் கொள்ளப்பட்டதுதான் சிக்கல்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 1994-இல் வெளியான மதிப்பீடு, போதைப் பழக்கத்தின் மீது இதன் தாக்கம் மிகச் சொற்பம் என்றது. பிள்ளைகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த 1999 ஆய்வு, பாடம் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் அதையே சொன்னது.

பத்து, பதினொரு வயதில் சொன்னது பதினைந்து வயதில் நண்பன் நீட்டும்போது உதவிக்கு வருவதில்லை என்பது ஒரு காரணம். பீர், கஞ்சா, ஹெராயின் அனைத்தையும் ஒரே அபாயமாகக் காட்டியது அதைவிடப் பெரிய பிழை. கஞ்சா புகைத்த அண்ணன் மறுநாள் வழக்கம்போலக் கல்லூரிக்குப் போவதைப் பார்க்கும் தம்பி, ஹெராயின் பற்றிய எச்சரிக்கையையும் நம்ப மாட்டான். தவிர, வீட்டில் நடப்பதைச் சீருடைக்காரரிடம் எந்தப் பிள்ளை மனம்விட்டுச் சொல்லும்?

2009-இல் டேர் தன் பாடத்தை மாற்றிக்கொண்டது. விரிவுரை குறைந்து, நடித்துப் பார்த்தலும் முடிவெடுக்கும் பயிற்சியும் வந்தன. எனினும் அப்புதிய பாடம் முதலில் சோதிக்கப்பட்டது ஆசிரியர்கள் நடத்திய ஏழாம் வகுப்புகளில். காவலர் சிறு பிள்ளைகளுக்கு நடத்தினால் அதே பயன் விளையும் என அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

எதிர்முனையில் நிற்பது அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ஷா ரோசன்பாம் 1999-இல் முன்வைத்த 'பாதுகாப்பே முதலில்' அணுகுமுறை. தொடாமலிருப்பதே நல்லது, தொட்டுவிட்டால், குடித்தவன் ஓட்டும் காரில் ஏறாதே, வீட்டுக்கு அழை என்கிறது அது. பிள்ளை உண்மையை ஒளிக்காமல் இருக்க இதுவே நல்ல வழி. ஆனால் சில பெற்றோருக்கு இது அனுமதியாகவும் ஒலிக்கிறது. இன்று அமெரிக்காவில் கள்ளச் சந்தையில் விற்கும் போலி மாத்திரைகள் பலவற்றில் ஃபென்டனில் என்னும் கடும் போதைமருந்து கலந்திருக்க, முதல் மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். அதனால் இந்த அணுகுமுறையும் மூச்சடைப்பின் அறிகுறிகளையும் அதை முறிக்கும் நலோக்சோன் மருந்தின் பயன்பாட்டையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.