துவைச்சல்

ஒரே பெட்டியில் நான்கு உளிகள் வந்தன. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, முகம் பார்க்கலாம்போல் பாலிஷ். நான்கையும் ஒன்றுபோலத் தீட்டி ஒரே தேக்குக் கட்டையின் குறுக்குவெட்டில் வைத்துத் தட்டினேன். அரை அங்குலத்துக்குப் பத்துத் தட்டில் வாய் மடங்கியது. முக்கால் அங்குலம் பொடியாக உதிர்ந்தது. ஒரு அங்குல உளி மட்டும் பொழுது சாயும்வரை கலங்கவில்லை. கால் அங்குலத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதே அதற்கு மரியாதை.

தேக்கைக் குறை சொல்லலாம். அதில் மணல்சத்து உண்டு, எந்த உளியையும் தேய்க்கும். ஆனால் நான்கும் பட்டது ஒரே கட்டையில்தானே?

உளி எஃகில் கரி நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அதை 780 டிகிரி வாக்கில் செக்கச்செவேலெனக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் இறுகும், கண்ணாடிபோலவே உடையும். அதனால் மறுபடி 200 டிகிரிக்குச் சற்று மேல் சூடு காட்டி முறுக்கைத் தளர்த்த வேண்டும். துலக்கிய எஃகின்மேல் அப்போது நிறம் ஓடும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். உளியை வைக்கோல் நிறத்தில் நிறுத்திவிட வேண்டும். நீலம் பாய்ந்தால் ஸ்பிரிங்குக்கு ஆகும், உளிக்கு ஆகாது. கொல்லுப் பட்டறையில் இதற்குத் துவைச்சல் என்று பெயர். பட்டறை அரையிருட்டாக இருப்பதும் காய்ச்சும் சூட்டைக் கண்ணால் அளக்கத்தான். வெயிலில் செஞ்சூட்டின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது.

தொழிற்சாலையில் வெப்பத்தைக் கருவி பார்த்துக்கொள்கிறது. பிறகு ஏன் இப்படி? பெரும்பாலும் உலைக்குப் பிறகுதான் கெடுகிறது. மெல்லிய வாயைச் சாணைச் சக்கரத்தில் அவசரமாக அழுத்தினால் அங்கே மட்டும் சூடேறித் துவைச்சல் இறங்கிவிடும். நீலக்கறை தெரியுமே என்றால், அதற்குத்தான் பாலிஷ் இருக்கிறது! உலையில் காற்றுப்பட்டு மேல்தோல் கரியை இழப்பதும் உண்டு. ஆக, புது உளியில் பல நேரம் நம்பக்கூடாத இடம் அதன் வாய்தான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்த்துத் தள்ளினால் உள்ளிருந்து வேறொரு உளி வரும். என் அரை அங்குலம் அப்படித்தான் திருந்தியது.

அந்தக் காலத்து உளியெல்லாம் தங்கம் என்று பேசுவோரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அன்றைய மட்டங்களெல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சிய நல்லவற்றைத்தான் நாம் கொண்டாடுகிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொல்லர் அடித்த உளியின் வாய் மடங்கினால் அவரிடமே திரும்பக் கொண்டுபோகலாம். அதே உலையில் மறுபடி துவைத்துத் தருவார். பெட்டி விற்ற கடையில் உலை ஏது?

முக்கால் அங்குலத்தின் கோளாறு ஆழமானது: அதன் முறுக்கு போதிய அளவு தளரவில்லை. மஞ்சள் பிடியை உடைத்தெடுத்துவிட்டு, அலகை மட்டும் கேக் சுடும் ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். வீட்டில் என்ன வாசம் என்று கேட்டார்கள். உதிர்வது நின்றது. இப்போது புளியங்கட்டையில் பிடி கடைந்து, பித்தளைப் பூண் போட்டு வைத்திருக்கிறேன். கை முதலில் அதைத்தான் தேடுகிறது.