மூலமும் உரையும்: நிறுத்தப்பட்ட நிழற்பட மென்பொருள்களும் அவற்றுக்கு மாற்றும்

சிங்கப்பூரின் மேற்கு எல்லையிலுள்ள துவாஸ் ஒரு காலத்தில் மீனவர் வாழ்ந்த கடற்கரைச் சிற்றூர். தென்னை ஓலைகளைக் கடலில் நிறுத்தி நிழலுண்டாக்கி மீனை ஈர்க்கும் பழைய மலாய் முறையிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். இன்று அந்த ஓலையும் இல்லை. அந்தக் கரையும் இல்லை. கடலைத் தூர்த்து அமைத்த நிலத்தில் தொழிற்சாலைகளும், 2022 இல் முறைப்படி திறக்கப்பட்ட பெருந்துறைமுகமும், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளும் நிற்கின்றன. 2014 இல் திறக்கப்பட்ட விடுதி ஒன்று மட்டுமே 16,800 பேர் தங்கத்தக்கது. இப்பகுதி விடுதிகளில் வாழ்வோருள் தமிழ்நாட்டினர் பலர்.

அன்னார் வாழ்வில் நிழற்படத்துக்குள்ள இடம் பெரிது. பிறந்த குழந்தையைத் தந்தை முதலில் காண்பது படத்தில். தங்கையின் திருமணக் கோலத்தை அண்ணன் காண்பதும் படத்தில். அறையில் ஒருவரிடம் மடிக்கணினி இருந்தால் தோழர் பலரின் படங்களும் அதில் வந்து சேர்வது இயல்பு. கோணலான படத்தை நேராக்கி, வெளிச்சம் கூட்டி, இன்னார் இவர் என்று பெயர் எழுதி, ஆண்டுவாரியாக அடுக்கி வைப்பது ஓய்வுநாள் வேலை. அக்கணினியின் இயங்குதளம் ஒருநாள் புதுப்பிக்கப்படுகின்றது. பல்லாண்டு பழகிய மென்பொருள் திறக்க மறுக்கின்றது. அல்லது திறந்து வெறுமையாய் நிற்கின்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றதால், இத்தகைய மாற்றத்துக்கு ஆளானோர் தொகை மேலும் பெருகியுள்ளது.

"இதற்கு மாற்று எது?" என்று கேட்போர்க்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியல். எது முகத்தைத் துலக்கும், எது வானத்தை நீலமாக்கும் என்று ஒப்பிட்டு மதிப்பெண் இடும் எழுத்துகளுக்குக் குறைவில்லை. பழைய மென்பொருளில் பத்தாண்டாகச் செய்து வைத்த வேலை என்னவாகும் என்று அவை கேட்பதில்லை. மாற்றுப் பற்றிய ஆராய்ச்சி அக்கேள்வியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இழப்பது எது?

மூலம், உரை என்னும் பாகுபாடு தமிழ் கற்றோர் யாவரும் அறிந்தது. புலவன் யாத்தது மூலம்; அதற்குப் பின்னோர் வகுத்தது உரை. நிழற்படத்திலும் இவ்விரண்டும் உண்டு. கேமரா பதித்த கோப்பு மூலம். ஓரத்தை வெட்டியது, நிறத்தைச் சரிசெய்தது, "பெரியம்மா, திருவிழா நாளில்" என்று குறித்தது ஆகியவை உரை. மென்பொருள் நின்றுபோவதால் மூலம் கெடுவது அரிது. கெடுவது உரையே.

இதன் காரணத்தை அறிதல் நலம். முன்பெல்லாம் திருத்தம் படத்தின்மீதே செய்யப்பட்டது. திருத்தியதைச் சேமித்தவுடன் மூலம் மறைந்தது. இக்குறையை நீக்க வேறொரு முறை வந்தது. மூலத்தைத் தொடாமல் திருத்தங்களைத் தனிக்குறிப்பாக எழுதி வைத்து, படத்தைத் திறக்கும்போதெல்லாம் குறிப்பின்படி மீண்டும் ஆக்கிக் காட்டுவது அம்முறை. மூலத்தைக் காக்கும் நல்ல முறையே அது. ஆயினும், குறிப்பைப் படிக்க வல்லது ஒரே மென்பொருளாயின், அது மறைந்த அன்றே குறிப்பும் ஊமையாகின்றது. ஒரு மென்பொருளில் "வெளிச்சம் 20" என்று எழுதியது மற்றொன்றில் அதே வெளிச்சத்தைத் தருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

பிக்காசாவின் நிறையும் குறையும்

2004 இல் கூகுள் நிறுவனம் வாங்கி இலவசமாக வழங்கிய பிக்காசா, வீடுதோறும் புகுந்த மென்பொருள். கணினியிலுள்ள படங்களைத் தானே தேடி அடுக்கியது. முகங்களைக் கண்டறிந்து பெயர் கேட்டது. ஒரே பொத்தானில் நிறத்தைத் திருத்தியது. கணினிப் பயிற்சி இல்லாதவரும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. அவ்வெளிமையில் அதனை விஞ்சிய மாற்றைக் காண்பது இன்றும் கடினம். 2016 மார்ச் 15 ஆம் நாளோடு அதற்கான ஆதரவை நிறுத்திய கூகுள், படங்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் தன் புதிய சேவைக்கு மாறுமாறு கூறியது.

பிக்காசா தன் உரையை எங்கெங்கே எழுதியது என்று நோக்கினால் அதன் குறை விளங்கும். நிறத்திருத்தம், வெட்டு முதலியவற்றை அந்தந்தக் கோப்புறையில் மறைந்து கிடக்கும் சிறு குறிப்பேட்டில் எழுதியது. ஆல்பங்களின் அடுக்கை விண்டோஸ் பயனர் கணக்கின் உள்ளறையிலுள்ள தரவுத்தளத்தில் வைத்தது. ஜேபெக் படங்களின் விளக்கக் குறிப்பைப் படக் கோப்பினுள்ளேயே, பிற மென்பொருள்களும் அறிந்த பொது முறைப்படி எழுதியது. ஆகவே, படங்களை வேறு வன்தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு இயங்குதளத்தை அழித்துப் புதிதாய் நிறுவியவர் ஆல்பங்களை இழந்தார். விளக்கக் குறிப்புகளை இழக்கவில்லை. முகங்களின் பெயர்களைப் படத்திலேயே எழுதி வைக்கும் வசதியும் அதில் இருந்தது. ஆயின் அதனைப் பயனரே தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காதவர் நூற்றுக்கணக்கான முகங்களுக்கு இட்ட பெயர்கள் பிக்காசாவுக்கு மட்டுமே விளங்கும் குறிகளாய் நின்றன.

ஒரே மென்பொருளில் ஒரு பகுதி பிழைத்ததற்கும் மற்றொரு பகுதி அழிந்ததற்கும் உரை எழுதப்பட்ட இடமே காரணம் என்பது இதனால் தெளிவாகும். தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர் மேற்கோள்களிலும் இடம்பெற்ற பாடல்கள் மட்டுமே எஞ்சின. தன் ஏட்டைவிட்டு வேறோர் ஏட்டுக்குச் சென்ற பகுதி பிழைத்தது. பிக்காசாவின் விளக்கக் குறிப்புக்கும் இவ்விதியே பொருந்திற்று.

விலை கொடுத்தோர் நிலை

இலவசப் பொருளாதலால் கைவிடப்பட்டது என்று சிலர் கருதலாம். ஆப்பிள் நிறுவனத்தின் அப்பர்ச்சர் அக்கருத்தை மறுக்கின்றது. தொழில்முறைப் படக்கலைஞருக்காக 2005 இல் வெளிவந்த அம்மென்பொருள் விலைக்கே விற்கப்பட்டது. 2014 ஜூனில் அதன் வளர்ச்சி நிறுத்தப்படும் என்று அறிவித்தனர். 2015 இல் விற்பனை நின்றது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா இயங்குதளத்தில் அது ஓடவில்லை. 32 பிட் மென்பொருள்களை அறவே ஒதுக்கிய அவ்வியங்குதளத்தில், ஆப்பிள் கணினிகளுக்கான பிக்காசாவும் அன்றோடு முடிந்தது. அப்பர்ச்சரைப் பயன்படுத்தியோர்க்கு ஐந்தாண்டு அவகாசம் இருந்தது உண்மையே. ஆயினும் அவர்களை ஈர்க்க அடோபி நிறுவனம் அளித்த மாற்றுக் கருவி, படங்களையும் குறிச்சொற்களையும் லைட்ரூமுக்குக் கொண்டுவந்ததேயன்றி, நிறத்திருத்தங்களைத் திருத்தங்களாகவே கொண்டுவர இயலவில்லை. அவகாசம் எவ்வளவு இருந்தாலும், உரைக்குப் பொது மொழி இல்லையெனில் பயன் குறைவே.

1990 இல் வெளிவந்த போட்டோஷாப்பின் வரலாறு வேறு வகையினது. அதன் 2002 ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. திருமண ஆல்பமும் பிறந்தநாள் பதாகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அதன்வழியே பிறந்தன. 2013 இல் அடோபி, இனிப் புதிய பதிப்புகள் சந்தா முறையிலேயே கிடைக்கும் என்று அறிவித்தது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பதிப்பும் முழுப் பாதுகாப்பு அன்று என்பதற்கு, 2005 இல் வெளிவந்த சி.எஸ்.2 பதிப்பு சான்றாகும். அதனைச் செயற்படுத்தி ஒப்புதல் தரும் வழங்கியை நிறுவனம் 2012 இறுதியில் மூடியதால், புதுக் கணினியில் அதனை நிறுவ வழியின்றிப் போயிற்று. ஒப்புதல் வேண்டாத வேறு பிரதியை நிறுவனமே பின்னர் அளித்தது. அளித்திராவிடில் வாங்கியோர் செய்யக்கூடியது ஏதுமில்லை.

மாற்று மென்பொருள்கள்

இனி மாற்றாகக் கூறப்படுவனவற்றை நோக்கலாம். கட்டற்ற மென்பொருள்களுள் கிம்ப் மூத்தது. 1995 இல் பெர்க்லியில் பயின்ற இரு மாணவர் தொடங்கியது. முப்பதாண்டாக எந்த ஒரு நிறுவனத்தின் வரவு செலவையும் சாராமல் வாழ்கின்றது. அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால், ஒருவர் கைவிடினும் மற்றொருவர் தொடரலாம். குறையும் உண்டு. புதியவர்க்கு அதன் பட்டிகள் மலைப்பூட்டும். மூலத்தைக் கெடுக்காமல் விளைவுகளைச் சேர்க்கும் வசதி, 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் வந்தது; மிகுந்த காலத்தாழ்வு. மேலும் அது ஒரு படத்தைத் திருத்தும் கருவி. ஆயிரம் படங்களை அடுக்கும் கருவி அன்று. பிக்காசாவை இழந்தவரிடம் கிம்ப்பை மட்டும் நீட்டுவது, நூலகம் கேட்டவரிடம் எழுதுகோலைக் கொடுப்பது போலாம்.

அடுக்கும் பணிக்கு டிஜிகாம் ஏற்றது. முகங்களைக் கண்டறிதல், பெயரிடல், நாள்வாரியாகத் தேடல் ஆகியன அதில் உண்டு. குறிப்புகளைப் படக் கோப்பிலேயே பொது முறைப்படி எழுதும் ஏற்பாடும் உண்டு. பிக்காசா படத்தினுள் எழுதிவைத்த முகப்பெயர்களையும் அதனால் படிக்க இயலும். பிக்காசாவின் எளிமை அதனிடம் இல்லை. கேமராவின் ரா கோப்புகளைப் பண்படுத்த டார்க்டேபிள் உண்டு. அது திருத்தங்களை ஒவ்வொரு படத்தின் அருகிலும் தனித்தனிக் குறிப்பேடாக வைக்கின்றது. நிறத்திருத்தக் கணக்கைப் பிற மென்பொருள்கள் அப்படியே பின்பற்றா எனினும், தலைப்பும் குறிச்சொல்லும் பிறவற்றுக்கும் புரியும்.

அஃபினிட்டி வேறு வகை. ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்று 2015 முதல் பெயர் பெற்றது. 2024 இல் கேன்வா நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாயிற்று. ஆற்றல் மிக்கது, கைக்கினியது. ஆயினும் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி இலவசமாக்கியது என்பதே பிக்காசாவின் தொடக்கமும் ஆகும். அதனைப் பயன்படுத்துவோர் இவ்வரலாற்றை நினைவிற்கொள்வது நன்று.

தமிழ் எழுத்து என்னும் சோதனை

ஆங்கில ஒப்பீடுகள் காணாத ஒரு சோதனை தமிழருக்கு உண்டு. படத்தின்மேல் தமிழில் எழுதினால் எழுத்துச் சரியாக அமைகின்றதா? போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை இட்டால் கொம்பும் மெய்யும் இடம் மாறி நிற்கும். ஸ்டூடியோக்கள் பழைய எழுத்துருக்களை விடாமல் பற்றியிருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். கிம்ப்பில் யூனிகோடு தமிழ் செவ்வனே அமைகின்றது. அஃபினிட்டியின் முந்தைய பதிப்புகளில் இந்திய மொழி எழுத்துகள் சிதைவது பயன்படுத்தியோரின் நெடுநாள் குறை. எனவே எதனையும் ஏற்கும்முன் "கொ", "ஸ்ரீ" என்னும் இரண்டையும் எழுதிப் பார்த்தல் தகும்.

இவ்வகையில் சிங்கப்பூர்த் தமிழுலகம் முன்னரே ஒரு பாடம் கற்றது. கணினித் தமிழின் தொடக்க நாளில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. ஒருவர் எழுதிய கோப்பு மற்றவர் கணினியில் புரியாக் குறிகளாய்த் தோன்றியது. ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாடு இச்சிக்கலைப் பொதுவில் வைத்தது. பொதுக் குறியேற்றத்தை நோக்கிய உழைப்பு அதன்பின் வலுப்பெற்றது. இன்று யூனிகோடு நிலைபெற்றுவிட்டது. எழுதும் கருவி எதுவாயினும் எழுத்து அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பதே அன்று வென்ற கருத்து. நிழற்படத்தின் உரைக்கும் அதனையே கேட்க வேண்டும்.

முடிபு

மாற்று மென்பொருளைத் தேர்வதில் முதல் அளவுகோல் அதிலிருந்து வெளியேறும் வழி. இரண்டாவது தமிழ் எழுத்து. அழகும் விரைவும் அவற்றுக்குப் பின்னரே. இவ்வளவுகோலால் அளந்தால், படங்களை அடுக்க டிஜிகாமும் திருத்தக் கிம்ப்பும் சேர்ந்து, கற்பதற்குச் சற்றுக் கடினமாயினும், ஏற்கத்தக்க இணையாகின்றன.

அதனினும் முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன், பழைய மென்பொருள் உயிரோடிருக்கும்போதே, திருத்திய படங்களைத் தனி ஜேபெக் கோப்புகளாக வெளியேற்றி மூலத்தின் அருகில் வைத்தல் வேண்டும். பெயர்களைப் படத்தினுள் எழுதும் வசதி இருப்பின் அதனை இயக்கிவிடல் வேண்டும். பழைய கணினி இன்னும் இயங்குமாயின் காலம் கடந்துவிடவில்லை.

2015 இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின்வழி சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பல மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலகத்தின் காவலில் உள்ளன. விடுதி அறையிலுள்ள மடிக்கணினிக்கு அத்தகைய காவலர் இல்லை. அதிலுள்ள படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார் என்பது, அதனை எழுதியவருக்கும் அவர் பயன்படுத்திய மென்பொருளுக்கும் மட்டுமே தெரியும்.